பிரிஜித்தம்மாள் துணி

வாயில் ஆறு குண்டூசிகளைக் கவ்வியிருக்கும் தையல்காரி "ம்" என்றால் சரி என்று அர்த்தமில்லை. மாட்டேன் என்றும் அர்த்தமில்லை. இன்னும் ஒன்றையும் விழுங்கவில்லை என்று அர்த்தம். பாஸ்டன் கோட்டைமேட்டில் வீட்டுக்கு ஓர் ஐரிஷ்காரி ஊசி பிடித்துப் பிழைத்த காலத்தில் இது கைக்குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. செலியாவுக்கும் தெரியும். தெரிந்திருந்தும், கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள், கவுனுக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்த தங்கை வின்னியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, அந்தத் துணியை உன் தையல் கூடையில் வைத்திருக்கிறேன், பத்திரம் என்றாள். வின்னி "ம்" என்றாள். விஷயம் முடிந்தது என்று செலியா நினைத்தாள். வின்னி நினைக்கவே இல்லை. அவள் மடிப்பை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, செலியாவுக்குப் பேறு பார்க்க வந்திருந்த டூஹியம்மா உள்ளறையிலிருந்து தலையை நீட்டி, "அந்தத் துணிய எடும்மா, இதுக்கு மேல தாங்காது" என்றாள். வின்னி கூடையைத் திறந்தாள்.

கூடை அந்த வீட்டின் ஒரே காய்ந்த இடம். மற்றதெல்லாம் ஈரம். சுவர் வியர்த்துக்கொண்டே இருக்கும். ரொட்டி வாங்கிய மறுநாளே பச்சை பூக்கும். படுக்கைக்கடியில் வைத்த துணியை எலி கொண்டுபோய்த் தன் பிள்ளைகளுக்கு மெத்தை போடும். கூடைக்கு மட்டும் மெழுகுத்துணி மூடி உண்டு, ஆணியில் தொங்கும். அதனால்தான் செலியா அங்கே வைத்தாள். வின்னி மூடியை எடுத்து, நூல்கண்டுகளை எடுத்து, பட்டுத் துணுக்குகளை எடுத்து, எலும்புப் பொத்தான் டப்பாவை எடுத்து, கூடையின் பிரம்பு அடி தெரிகிறவரைக்கும் எடுத்துப் பார்த்தாள். பிறகு கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

துணி எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நாலு விரல் அகலம், இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம். வெளுக்காத லினன், ஓட்ஸ் கஞ்சி நிறம். அம்மா அங்கே அயர்லாந்தில், கான்னமாராவில் தன் கையால் நூற்று, ஊர்த் தறியில் நெய்த துணி. ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி பிறப்பதற்கு முந்தின மாலை, புனிதை பிரிஜித்தம்மாள் ஆசி கொடுத்துக்கொண்டு ஊர்வழி நடந்துபோகிற நேரத்தில், அம்மா முழுத் துணியையும் வாசல் முட்செடியில் விரித்து வைப்பாள். விடிவதற்குள் எடுத்து மடித்துவிடுவாள். இருபத்தொரு வருஷப் பனி குடித்த துணி. தலைவலிக்குத் தலையில் கட்டுவார்கள், பசு கன்று போட முடியாமல் நின்றால் முதுகில் போடுவார்கள், பெண் பிரசவத்துக்குப் படுத்தால் இடுப்பில் சுற்றுவார்கள். கத்தரிக்கோல் மட்டும் படக்கூடாது. பட்டால் அது வெறும் துணி. அதனால் அம்மா அதிலிருந்து கையாலேயே ஒரு பட்டை கிழித்து, அமெரிக்காவுக்குக் கப்பலேறிய பக்கத்து வீட்டுப் பெண்ணின் உள்பாவாடை ஓரத்துக்குள் வைத்துத் தைத்து அனுப்பினாள். அந்தப் பெண் ஆறு வாரம் கடலில் வாந்தியெடுத்து, இறங்கிய அன்றே இங்கே வந்து, சுவரோரம் திரும்பி நின்று ஓரத்தைப் பிரித்துச் செலியாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வின்னி அப்போது வீட்டில் இல்லை, தையல் கொடுக்கப் போயிருந்தாள்.

செலியா கேட்டனுப்பியதால்தான் அது வந்தது. இந்த ஊரில் அவளுக்கு இரண்டு பிரசவம் ஆகியிருந்தது. இரண்டும் அழாத பிள்ளைகள்.

அந்தத் துணியை ஒரு மாதத்துக்கு முன்னால் கூடைக்குள் பார்த்தபோது வின்னிக்கு உண்டானது சந்தோஷம். பீக்கன் மேட்டில் திருமதி ஹாவிலண்டுக்குச் சாம்பல்நிறப் பட்டுக் கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தம்மா வருஷத்துக்கு இரண்டு அங்குலம் வீதம் வளர்ந்துகொண்டிருந்தாள், ஆனால் அளவு சொல்லும்போது மட்டும் கல்யாணமான வருஷத்திலேயே நின்றாள். அப்படிப்பட்ட இடுப்புக்கு உள்ளே இழுத்துப் பிடிக்க ஒரு பட்டி வேண்டும். பருத்தி இழுபடும், நாடா நெகிழும். அந்த நேரத்தில் இழை நெருங்கிய, விறைப்பான, நீளம்கூடக் கச்சிதமாக ஒரு பட்டை லினன் கையில் தட்டுப்பட்டால் எந்தத் தையல்காரி விடுவாள்? இவ்வளவு நல்ல துணி நம்மிடம் ஏது என்று ஒரு கணம் யோசித்தாள்தான். அந்த வாரம் விளக்குக்கு இருந்த எண்ணெய் ராத்திரிக்கு ஒருமணி நேரத்துக்குத்தான் வந்தது. யோசிப்பதற்கு எண்ணெய் இல்லை. அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல், மெழுகு தேய்த்த இரட்டை நூல், பின்தையல். தன் வாழ்நாளில் போட்ட தையலிலேயே நல்ல தையலை அதில்தான் போட்டாள்.

கவுன் போன வெள்ளிக்கிழமை போய்விட்டது.

அவள் டூஹியம்மாவைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டாள். டூஹியம்மா ஐம்பது வயதைத் தாண்டிய, கதவளவு அகலமான பெண்பிள்ளை. அந்தச் சந்தில் நடமாடும் பிள்ளைகளில் பாதிப்பேர் அவள் கையில் விழுந்தவர்கள்தான். அதனால் யாரையும் எந்த நேரத்திலும் காதைத் திருகுகிற உரிமை அவளுக்கு இருந்தது. படியில் ஏற்கெனவே செலியாவின் புருஷன் ஃபெஸ்டஸ் உட்கார்ந்திருந்தான். அவனுடைய உள்கோட்டைக் கழற்றிச் செலியாவின் மேல் போட்டிருந்தார்கள். தகப்பன் உடுப்பு மேலே கிடந்தால் வலியில் பாதி அவனுக்கு இறங்கும் என்பது வழக்கம். வலி இறங்கியதாகத் தெரியவில்லை, குளிர் இறங்கியிருந்தது. அவனை இன்னும் நாலு படி கீழே போய் உட்காரச் சொன்னாள் டூஹியம்மா.

"துணி இங்க இல்ல" என்றாள் வின்னி.

"எங்க இருக்கு?"

"ஒரு இடுப்புல இருக்கு."

டூஹியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "யார் இடுப்புல?"

"பீக்கன் மேட்டுல. ஒரு புராட்டஸ்டன்ட் அம்மா இடுப்புல."

டூஹியம்மா கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் கதை கேட்டிருப்பார்கள். பேறு பார்க்கிறவளுக்குக் கதை கேட்க நேரமில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு இருக்கிற நிலைமையைச் சொன்னாள். பிள்ளை தலைகீழாகச் சரியாக இருக்கிறது. பனிக்குடம் உடைந்து ஆறு மணி நேரமாகிறது. செலியாவின் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அவள் முக்க மாட்டேன் என்கிறாள். வலி வரும்போதெல்லாம் தொடையை இறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மா துணியைக் கட்டின பிறகுதான் என்கிறாள்.

"ரெண்டு தடவை செத்த பிள்ளைய வெளிய விட்டவ. மூணாவது தடவை விடறதுக்குப் பயப்படுறா. பயம் பூட்டு மாதிரி. பன்னெண்டு மணி ஜெபமணி வரைக்கும் பாக்கலாம். அதுக்கு மேல போனா இதுவும் அழாது. அவளையும் சேத்துச் சொல்றேன்."

வின்னியின் கூடையில் வேறு லினன் துண்டுகள் இரண்டு கிடந்தன. அதில் ஒன்றை எடுத்துக் கட்டிவிட்டால் என்ன என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. உள்ளே போனாள். செலியா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நெற்றியில் முடி ஒட்டிக்கிடந்தது. தங்கையின் காலடி கேட்டதும் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினாள், உள்ளங்கை மேலாக. பத்து வயதில் அம்மாவோடு உட்கார்ந்து அந்த லினனுக்கு நூல் நூற்ற கை அது. அந்தக் கையில் கடைத்துணியை வைக்க வின்னிக்குத் துணிவு வரவில்லை.

"எடுத்துட்டு வரேன் அக்கா" என்றாள். "மேல் வீட்டுல காய வச்சிருக்கேன்."

"சீக்கிரம்" என்றது சுவர்.

வெளியே மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. வண்டித்தடத்தில் உறைந்த சேறு மேலே உருகி, அடியில் உறைந்தபடி கிடந்ததால் காலை ஊன்றி நடக்கலாம், அல்லது ஓடி விழலாம். வின்னி ஓடினாள். துறைமுகச் சாலையில் ஒரு தரம் விழுந்தாள். மீன் வண்டிக்காரன் ஒருவன், கல்யாணத்துக்குப் போறியா தங்கச்சி என்று கேட்டான். இடுப்பைத் தேடிப் போகிறேன் என்று சொல்ல முடியாதே. எழுந்து ஓடினாள். போகப் போக வீடுகள் செங்கல் நிறத்துக்கு மாறின, படிக்கட்டுகள் அகலமாயின, நாய்கள் குரைப்பதைக்கூட அளவாகக் குரைத்தன.

ஹாவிலண்ட் வீட்டுச் சமையல்கட்டுக் கதவைத் திறந்தவள் மேட்ஜ். அவளும் அயர்லாந்துதான், கிளேர் பக்கத்துக்காரி, பதினோரு வருஷமாக அந்த அடுப்படியில் இருக்கிறாள். பல்வலியில் கன்னம் ஒரு பக்கம் வீங்கி, துணியால் தாடையைத் தலையோடு கட்டியிருந்தாள். இன்றைக்கு ஒன்றும் நடக்காது, அம்மா உடுத்தித் தயாராகிவிட்டாள், பதினொன்றரைக்கு வண்டி வந்துவிடும் என்றாள். எங்கே போகிறாள் என்று கேட்டதற்கு, மகளிர் நல்வழிச் சங்கக் கூட்டத்தில் பேசப்போகிறாள், ஐரிஷ் வேலைக்காரிகளிடம் இருக்கிற மூடப்பழக்கங்களைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறாள், அதில் நாலு பக்கம் என்னைப் பற்றி என்றாள் மேட்ஜ், சற்றுப் பெருமையாக.

"எந்தக் கவுன் போட்டிருக்காங்க?"

"நீ தச்ச சாம்பல் பட்டுதான்."

வின்னி அவளிடம் உண்மையைச் சொன்னாள். வேறு வழியில்லை, ஊர்க்காரியிடம் பொய் சொன்னால் சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டும், நேரம் பிடிக்கும். மேட்ஜ் கரண்டியோடு சிலுவை போட்டுக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமைலேர்ந்து இந்த வீட்டுலயா இருக்கு? ஞாயித்துக்கிழமை அதைப் போட்டுட்டுக் கோயிலுக்குப் போயிட்டு வந்து, என்னைப் பாத்து ரொட்டி நல்லாருக்குன்னா. பதினோரு வருஷத்துல முதல் தடவை. நான் காய்ச்சலோன்னு பயந்தேன்." பிறகு குரலை இறக்கி, "எப்படிக் கேப்ப? பேறு பாக்கணும், இடுப்பக் குடுங்கன்னா, பத்தாவது பக்கம் எழுத ஆரம்பிச்சுருவா" என்றாள்.

அதைத்தான் வின்னியும் ஒரு மைல் தூரமும் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். உண்மையைச் சொன்னால் அந்தம்மா கவுனைக் கழற்ற மாட்டாள், புத்தி சொல்வாள். தைரியமாக மறுபடி அளவெடுக்க வேண்டும் என்றால் நாளைக்கு வா என்பாள். இந்தக் கணமே கழற்ற வைக்கிற வார்த்தை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அந்த வார்த்தையைத் தையல்காரிகள் தங்களுக்குள் விளையாட்டுக்குக்கூடச் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னவளுக்கு மறுபடி அந்தத் தெருவில் வேலை கிடையாது. ஹாவிலண்ட் வீடு போனால் அவள் சொல்லி வைத்த பக்கத்து இரண்டு வீடுகளும் போகும். அந்த மூன்று வீட்டுத் தையலில்தான் செலியாவும் ஃபெஸ்டஸும் வின்னியுமாக, குளிர்காலத்தில் துறைமுகம் உறைந்து ஃபெஸ்டஸுக்கு வேலை இல்லாத மாதங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மேட்ஜ் அவளை மாடிக்கு அழைத்துப்போய்க் கதவுக்கு வெளியே நிறுத்தினாள். திருமதி ஹாவிலண்ட் கண்ணாடி முன்னால் நின்று காகிதத்தைப் பார்த்துச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, பிரிஜித்?" என்றாள். அந்தம்மாவுக்கு எல்லா ஐரிஷ்காரியும் பிரிஜித். எட்டு வருஷமாக வின்னி திருத்தவில்லை.

"அம்மா, மன்னிக்கணும். உங்க கவுன்ல இடுப்புப் பட்டிக்குள்ள ஒரு ஊசிய விட்டுட்டேன்."

திருமதி ஹாவிலண்ட் மூச்சை உள்ளே இழுத்தாள், வெளியே விடவில்லை. சிலை மாதிரி நின்றாள். எந்தப் பக்கம் என்று உதட்டை அசைக்காமல் கேட்டாள். தெரியலைம்மா, பட்டி முழுக்கப் பார்க்கணும் என்றாள் வின்னி. அடுத்த இரண்டு நிமிஷத்தில், மேட்ஜும் வின்னியும் இரண்டு பக்கமும் நின்று, வெடிமருந்துப் பீப்பாயைத் திறப்பதுபோல அந்தக் கவுனைக் கழற்றினார்கள்.

சன்னலோரம் உட்கார்ந்து வின்னி பிரிக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் அவளுக்குத் தான் எவ்வளவு நல்ல தையல்காரி என்று புரிந்தது. முப்பத்தொரு அங்குலம், அங்குலத்துக்குப் பன்னிரண்டு, மேலும் கீழுமாக இரண்டு வரிசை. இழுத்தால் வருகிற தையல் இல்லை. கத்தரிக்கோல் துணியில் பட்டால் பிரிஜித்தம்மாள் போய்விடுவாள். அதனால் மேட்ஜ் கொண்டுவந்து கொடுத்த ஓர் ஊசியின் முனையால் நூலைத் தூக்கி, பல்லால் கடித்து, மறுபடி தூக்கி, மறுபடி கடித்து. ஊசியும் இரும்புதானே என்ற கேள்வி நடுவில் ஒரு முறை வந்தது. அதைத்தான் ஏற்கெனவே எழுநூறு தடவை குத்தியாயிற்று. குத்துவது வேறு, வெட்டுவது வேறு என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு மேலே போனாள். சுவரில் கடிகாரம் ஒவ்வொரு நொடியையும் வாய்விட்டுச் சொன்னது. கோட்டைமேட்டில் கடிகாரம் கிடையாது. நேரம் போவது யாருக்கும் கேட்காது. இங்கே கேட்டது. பத்தரை. பத்தே முக்கால். ஒவ்வொரு தையலுக்கும் செலியாவின் தொடை ஒரு முறை இறுகுவதுபோல இருந்தது அவளுக்கு.

திருமதி ஹாவிலண்ட் போர்வையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியை ஏன் முழுசாக எடுக்கிறாய் என்று கேட்டாள். ஊசி துருப்பிடித்திருந்தால் கறை பட்டுக்கு வந்துவிடும் என்றாள் வின்னி. அந்தம்மா தலையசைத்தாள். அவள் கெட்டவள் இல்லை. போன வருஷம் வின்னிக்கு இருமல் வந்தபோது மருந்தும், மருந்தோடு குடிப்பழக்கத்தைக் கண்டிக்கும் ஒரு சிறு புத்தகமும் கொடுத்தவள்.

பதினொன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது பட்டி கையோடு வந்தது. வின்னி தன் மார்புச் சட்டையில் எப்போதும் குத்தியிருக்கும் ஊசியை விரலிடுக்கில் எடுத்து, பட்டின் மடிப்புக்குள்ளிருந்து வருவதுபோல வெளியே எடுத்துக் காட்டினாள். திருமதி ஹாவிலண்ட் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். நல்ல ஊசி. பளபளப்பாக இருந்தது. துருவே இல்லை என்பது அவளுக்குத் தோன்றாமல் போனது பிரிஜித்தம்மாள் அன்று செய்த முதல் உதவி.

பட்டி இல்லாத கவுன் மூடாது. வின்னி தன் ஏப்ரனின் நாடாவைக் கிழித்தெடுத்து அந்த இடத்தில் வைத்து, பெரிய பெரிய தையலாக ஓட்டினாள். அவ்வளவு மோசமான தையலை அவள் ஏழு வயதுக்குப் பிறகு போட்டதில்லை.

"மேடையில் நான் உட்கார்ந்திருந்தால்" என்றாள் திருமதி ஹாவிலண்ட், கவுன் மறுபடி ஏறிய பிறகு, மெதுவாக. "உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப்பார், பிரிஜித். உண்மையை வந்து சொன்னாய், அது நல்ல குணம். ஆனால் இனிமேல் இந்த வீட்டுக்கு வராதே. பக்கத்து வீடுகளில் திருமதி கோர்டனிடமும் அவர் தங்கையிடமும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்கே புரியும்."

வின்னிக்குப் புரிந்தது. "சரிங்கம்மா" என்றாள்.

கீழே மேட்ஜ் வழியை மறித்து நின்றாள். கன்னத்தை நீட்டினாள். வின்னி துணியை அந்த வீக்கத்தின்மேல் ஒரு முறை வைத்து எடுத்தாள். மேட்ஜ் கண்ணை மூடிக்கொண்டு, போ போ என்று கையை ஆட்டினாள்.

திரும்பி ஓடும்போது நாடா இல்லாத ஏப்ரன் முழங்காலில் சுற்றிக்கொண்டது. அதைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். துணி மார்புச் சட்டைக்குள் இருந்தது. கோட்டைமேட்டு ஏற்றத்தில் பாதி வரும்போது ஜெபமணி அடிக்க ஆரம்பித்தது. தெருவில் எல்லோரும் நின்று தலை குனிந்தார்கள். அவள் நிற்கவில்லை. அந்த ஊரில் ஜெபமணிக்கு நிற்காமல் ஓடிய ஒரே ஆள் அன்றைக்கு ஒரு புனிதையைச் சட்டைக்குள் வைத்திருந்தாள்.

படிக்கட்டில் ஃபெஸ்டஸ் அதே இடத்தில் இருந்தான். மேல்கோட்டை மூடிப் பிடித்திருந்தான், கழுத்தில் சட்டைக்காலர் தெரியவில்லை. பற்கள் கிடுகிடுத்தன.

"சட்டையையும் கேட்டு வாங்கிட்டாங்க" என்றான். "ஞாயித்துக்கிழமைச் சட்டை."

"அக்கா?"

"தெரியல. கொஞ்ச நேரமா சத்தமே இல்ல."

மேலே ஏறிய பதினெட்டுப் படிகளை வின்னி அதன்பிறகு எத்தனையோ தடவை ஏறியிருக்கிறாள். அன்றைக்கு ஏறியதுதான் படி. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தமும் இல்லை. அடுப்பு மட்டும் கணகணவென்று எரிந்தது. அவள் கதவைத் தள்ளினாள்.

டூஹியம்மா சன்னலுக்கு எதிரே முதுகைக் காட்டி நின்றுகொண்டு கையில் எதையோ வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். திரும்பினாள். போர்வைச் சுருளுக்குள் சிவந்து கசங்கிய ஒரு முகம், வாயைத் திறந்து கொட்டாவி விட்டது. பிறகு, மறந்துபோனது ஞாபகம் வந்ததுபோல, கடற்பறவை மாதிரிக் கத்த ஆரம்பித்தது.

"பொண்ணு" என்றாள் டூஹியம்மா. "ஜெபமணிக்கு ரொம்ப முன்னாடியே வந்தா. இவ்வளவு நேரம் கத்திட்டு இப்பதான் ஓய்ஞ்சா, அதுக்குள்ள நீ வந்து எழுப்பிட்ட."

கட்டிலில் செலியா மல்லாந்து கிடந்தாள். வெளுத்திருந்தாள், ஆனால் கண் திறந்திருந்தது. அவள் இடுப்பில் போர்வைக்கு மேலே ஒரு பட்டைத்துணி சுற்றியிருந்தது. நாலு விரல் அகலம், ஓட்ஸ் கஞ்சி நிறம். வின்னி அதைப் பார்த்த மாத்திரத்தில் அதன் பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள். அது ஃபெஸ்டஸின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் அடிச்சுற்று. அவளே தைத்த சட்டை. கடைப்பருத்தி. பழசாகத் தெரிவதற்காக யாரோ அதைத் தேநீரில் முக்கியிருந்தார்கள்.

டூஹியம்மா செலியாவின் தலைக்கு மேலாக வின்னியை ஒரு பார்வை பார்த்தாள். பன்னிரண்டு பிள்ளை பெற்றவளையும் வாய்மூட வைக்கிற பார்வை. பிறகு குரலை உயர்த்தி, "மேல் வீட்டுலேர்ந்து நீ குடுத்தனுப்பிச்ச துணிய நேரத்துக்குக் கட்டிட்டோம்மா. அம்மா கையோட மகிமை. கட்டின பத்தாவது நிமிஷம் பிள்ளை தலை காட்டிடுச்சு" என்றாள்.

"ம்" என்றாள் வின்னி. வாயில் ஊசி இல்லை.

செலியாவுக்கு ஏதாவது சூடாகக் கொடுக்க வேண்டும், பால் எங்கே கிடைக்கும் என்று பேச்சு வந்தது. எதிர் வீட்டில் கேட்டுப் பார்க்கிறேன் என்று பிள்ளையைச் செலியாவின் பக்கத்தில் கிடத்திவிட்டு டூஹியம்மா கீழே இறங்கினாள். அவள் காலடி கீழ்ப்படியை அடைகிற வரைக்கும் செலியா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உண்மையான துணி எங்கடி?"

வின்னி சட்டைக்குள்ளிருந்து எடுத்து அவள் கையில் வைத்தாள். செலியா விரலால் தடவினாள். ஓரம் ஓரமாக ஊசித்துளை தட்டுப்பட்டது. மூக்கில் வைத்து மோந்தாள்.

"லாவண்டர் தண்ணி வாசம் வருது."

வின்னி எல்லாவற்றையும் சொன்னாள். கூடையை, பட்டியை, மேட்ஜின் பல்லை, ஊசியை, திருமதி ஹாவிலண்ட் சொன்னதை. மூன்று வீட்டு வேலையும் போய்விட்டது. நாளைக்குச் சட்டைக் கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும், அங்கே ஒரு நாளைக்கு ஆறு சட்டை கேட்பார்கள் என்றாள்.

"அக்கா, நீ எப்படிக் கண்டுபிடிச்ச?"

"டீ வாசம். நம்ம அம்மா வீட்டுல என்னைக்குடி டீ இருந்திருக்கு?" செலியா பிள்ளையின் தலையை ஒரு விரலால் தொட்டாள். "அவ அதை எடுத்துட்டு வரா. ரெண்டு கையிலயும் ஏந்தி, கோயில்ல நன்மை அப்பம் வாங்குற மாதிரி முகத்த வச்சுக்கிட்டு. ஒரு முனைலேர்ந்து டீ சொட்டுது. அருள் நிறைந்த மரியே சொல்லிக்கிட்டே கட்டுறா. ஃபெஸ்டஸ் சட்டைய. ஒரு பொத்தான்கூட இருந்துச்சு வின்னி, அதை உள்பக்கமா மடிச்சுக் கட்டுறா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அந்த வலியில சிரிச்சேன். சிரிச்சதுல எல்லாம் விட்டுப்போச்சு. இறுக்கிப் பிடிக்கணும்னு பாத்தேன், முடியல. வந்துட்டா இவ."

இப்போதும் சிரித்தாள். சிரித்தது வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அவகிட்ட சொல்லிராத" என்றாள் பிறகு. "என்னை ஏமாத்திட்டதாவே இருக்கட்டும். இந்தச் சந்துல இன்னும் ஏழு பேருக்குப் பாக்கணும் அவ. கை நடுங்கக்கூடாது. அம்மாவுக்கு எழுதும்போதும் ஆரம்பத்துலேர்ந்து கட்டியிருந்துச்சுன்னே எழுது."

லினன் பட்டையை நாலாக மடித்துத் தலையணைக்கடியில் செருகினாள்.

படியில் காலடி கேட்டது. டூஹியம்மா பாலோடு வந்தாள், மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். பாலை வைத்தாள். உட்காரவில்லை. பீப்பாய்ச் சந்தில் கான்னெலி பெண்டாட்டிக்கு வலி எடுத்துவிட்டதாம், ஆள் வந்திருக்கிறதாம். அவளும் தலைப்பிரசவத்தில் பிள்ளையை மண்ணுக்குத் தூக்கிக் கொடுத்தவள்தான். டூஹியம்மா ஏப்ரனில் கையைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், பிறகு செலியாவின் இடுப்பைப் பார்த்தாள்.

"அந்தத் துணிய ஒரு நாளைக்குக் குடுக்குறியாம்மா?" என்றாள். "நாளைக்குத் திருப்பிக் கொண்டாந்துடறேன்."

வின்னி அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் வேஷம் ஒன்றும் இல்லை. தன் கையால் கிழித்து, தன் கையால் தேநீரில் முக்கியது என்பது அவளுக்குத் தெரியும். அது வேலை செய்ததையும் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள். இரண்டில் எதை நம்புவது என்றால், பேறு பார்க்கிறவள் பார்த்ததைத்தான் நம்புவாள். வின்னியின் கை தலையணைப் பக்கம் போனது. செலியா தலையை இல்லையென்று லேசாக அசைத்தாள்.

"கொண்டு போங்க" என்றாள் செலியா. "ஆனா பத்திரம். எங்கம்மா துணி."

"எனக்குச் சொல்லணுமா" என்றாள் டூஹியம்மா, நிஜமாகவே பயபக்தியோடு, முடிச்சை அவிழ்த்துக்கொண்டே.

துணி கைக்கு வந்ததும் கிழிந்த பக்கத்திலிருந்து நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. பருத்திக்கு அந்தப் புத்தி உண்டு. இரண்டு வீடு போய் வந்தால் பாதிதான் மிஞ்சும்.

"ஒரு நிமிஷம் குடுங்க டூஹியம்மா" என்றாள் வின்னி.

ஊசிக்கு மார்புச் சட்டையைத் தடவினாள். அது பீக்கன் மேட்டில் இருந்தது. கூடையிலிருந்து வேறொன்றை எடுத்தாள். பொத்தானைக் கடித்து எடுத்து வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டாள். கீழே பீப்பாய்ச் சந்து ஆள் இரண்டு தரம் கூப்பிட்டான், டூஹியம்மா இதோ இதோ என்றாள். வின்னி ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்து, அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையலாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் போட்டுக்கொண்டு போனாள்.